திடீர்ப் பயணமும் நாணய மாற்றும்



வெளிநாட்டுப் பயணம் என்றதும் பல மாதம் முன்னரே திட்டமிட்டுச் செல்லும் உல்லாசப் பயணமே பலருக்கு நினைவில் எழும். நம்மவர்க்கு நேரும் பயணங்களிற் பல அத்தகையன அல்ல. கோவண்டியிலும், அதற்கு அண்மையிலுள்ள சீத்தா கேம்பிலும், செம்பூர், தாராவி முதலிய இடங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள், துபாயிலோ மஸ்கட்டிலோ சிங்கப்பூரிலோ ஒருவரை வேலைக்கு அனுப்பியுள்ளவை பல. அங்கிருந்து ஒருநாள் செய்தி வருகிறது: மகன் மருத்துவமனையில் கிடக்கிறான், அல்லது, தம்பிக்குக் கட்டட வேலையில் விபத்து. கடவுச்சீட்டு கையிலிருக்கிறது, விசாவும் விமானச் சீட்டும் எப்படியோ கிடைத்துவிடுகின்றன. புறப்பட இரண்டு நாள்கூட இல்லை. பணத்தை எவ்வாறு கொண்டு செல்வது என்பது மட்டும் கடைசியிலேதான் நினைவுக்கு வருகிறது. அந்த அவசரத்தில் வீணாகும் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் எளிய குடும்பத்திற்குச் சிறு தொகை அன்று.

ஒரு காலத்தில் இத்தொல்லை இவ்வளவு இருந்ததில்லை. வளைகுடா நாடுகள் பலவற்றில் நம் ரூபாயே புழங்கிற்று. 1959-இல் அந்நாடுகளுக்கென்றே ரிசர்வ் வங்கி தனி நோட்டுகளை வெளியிட்டது. 1961-இல் குவைத் தனக்கெனத் தினாரை ஏற்படுத்திக்கொண்டது. 1966-இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்ட பின்னர் வேறு சில நாடுகளும் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன. இன்று ரூபாய் கடல் கடக்க வேண்டுமாயின் வேறு நாணயமாக மாறியே ஆகவேண்டும். மாற்றித் தருபவர் ஒவ்வொரு முறையும் தம் கூலியை எடுத்துக்கொள்வார்.

அந்தக் கூலி எங்கே இருக்கிறது என்பதை அறிவதே முதற் காரியம். ‘கமிஷன் இல்லை’ என்று பலகை மாட்டியிருக்கும் கடையிலும் கூலி உண்டு. அது விலைக்குள் மறைந்திருக்கும். சந்தை விலைக்குமேல் ஒரு டாலருக்கு 2 ரூபாய் வைத்து விற்றால், 500 டாலர் வாங்குபவர் 1,000 ரூபாய் இழக்கிறார். ஆதலின் ‘கமிஷன் எவ்வளவு?’ என்று கேட்பதைவிட, ‘எல்லாம் சேர்த்து நான் தரவேண்டிய ரூபாய் எவ்வளவு? என் கைக்கு வரும் டாலர் எத்தனை?’ என்று கேட்பதே பயன் தரும். இரண்டு மூன்று இடங்களில் இதே கேள்வியைத் தொலைபேசியிற் கேட்கக் கால்மணி நேரம் போதும்.

பயணம் உறுதியானவுடன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு; அதற்குச் செலவே இல்லை. 2020 மார்ச் 16 முதல் புதிதாக வழங்கப்படும் வங்கி அட்டைகள் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும்படி அமைந்துள்ளன. வெளிநாட்டில் அவை வேலை செய்ய வேண்டுமாயின், நாமே வங்கியின் செயலியிலோ கிளையிலோ சொல்லித் திறந்துவிட வேண்டும். இதை மறந்து போனவர் அயலூர் ஏ.டி.எம். முன்னே திகைத்து நிற்க நேரும். ரூபே அட்டை வைத்திருப்போர், அது உள்நாட்டுக்கு மட்டும் உரியதா, வெளிநாட்டிலும் செல்லுவதா என்று கேட்டறிதல் அவசியம். கைபேசி எண்ணுக்கு ரோமிங் வசதியும் வேண்டும். இல்லையேல் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. வந்து சேராது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அட்டைகளில் வெளிநாட்டுச் செலவுக்கென்று பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதற் கட்டணம் கொள்கின்றன. அக்கட்டணத்தின்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. 3.5 சதவீதம் எனக் கொண்டால், 50,000 ரூபாய்ச் செலவுக்கு 1,750 ரூபாய் கட்டணம், 315 ரூபாய் வரி, ஆக 2,065 ரூபாய். இக்கட்டணமே இல்லாத அட்டைகளும் உள்ளன. ஆயினும் இரண்டு நாளிற் புதிய அட்டை பெறுவது எல்லோருக்கும் இயலாது. ஆகவே வீட்டிலுள்ள அட்டைகளுள் எதற்குக் கட்டணம் குறைவு என்று பார்ப்பதே நடைமுறைக்கு உகந்தது. மருத்துவமனை, விடுதி போன்ற பெரிய செலவுகளுக்கு அந்த அட்டை உதவும். கிரெடிட் கார்டைக் கொண்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுப்பது மட்டும் ஆகாது: அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, எடுத்த நாள் முதலே வட்டியும் ஏறும். ரொக்கம் தேவையெனில் டெபிட் கார்டே தக்கது. அதிலும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் இருப்பதால், ஐந்து முறை சிறிது சிறிதாக எடுப்பதினும் ஒரே முறை எடுத்தல் சிக்கனம்.

மற்றொரு கண்ணி உண்டு. படித்தவரும் அதில் விழுகின்றனர். அயல்நாட்டுக் கடையிலோ ஏ.டி.எம்.மிலோ அட்டையைச் செருகியதும், ‘இந்திய ரூபாயிற் செலுத்துகிறீர்களா, உள்ளூர் நாணயத்திலா?’ என்று இயந்திரம் கேட்கும். நம் ரூபாயைக் கண்டதும் மனம் அதனை நாடும். ஆனால் ரூபாயைத் தேர்ந்தால், மாற்று விலையை அக்கடைக்காரரின் வங்கியோ இயந்திரத்தை நடத்துவோரோ நிர்ணயிப்பர். அவர்கள் விலை பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும். அதன்மேல் நம் வங்கியும் தன் கட்டணத்தைச் சேர்த்துவிடலாம். துபாயானால் திர்ஹாம், சிங்கப்பூரானால் சிங்கப்பூர் டாலர் என்று உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்காரர் நம்மைக் கேளாமல் ரூபாயில் அழுத்தியிருந்தால், கையொப்பமிடுமுன் மாற்றச் சொல்லலாம். இதில் கூச்சம் வேண்டுவதில்லை.

கையில் ஓரளவு ரொக்கமும் வேண்டும். டாக்சிக்கும் உணவுக்கும் முதல் நாளிலேயே தேவைப்படும். ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடையிலோ வங்கியிலோ வாங்கி, ரசீது பெறுதல் நன்று. கடவுச்சீட்டு, பான் அட்டை, விசா, பயணச் சீட்டு ஆகியவற்றைக் கொண்டு செல்க. 50,000 ரூபாயும் அதற்கு மேலுமானால் ரொக்கமாகத் தர இயலாது. காசோலை அல்லது வங்கி வழியே செலுத்த வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் வரையே நோட்டுகளாகக் கொண்டு செல்லலாம். மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வங்கிகள் மூடியிருக்கும். அந்நாள்களில் புறப்படுவோர் ஊருக்குள்ளே திறந்திருக்கும் உரிமக் கடையை நாடுக. சகார் விமான நிலையத்திற்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தால் விலை கூடுதலாகவே இருக்கும்.

துபாய் செல்வோர்க்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. திர்ஹாமின் மதிப்பு 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று நிலைநிறுத்தப்பட்டுள்ளது. 100 டாலரை அங்கே மாற்றும்போது 367 திர்ஹாமுக்கு எவ்வளவு குறைகிறதோ, அதுவே மாற்றுவோரின் கூலி. முன்னரே நாணயம் நிரப்பிய பயண அட்டை வாங்குவோர், டாலரை நிரப்பித் திர்ஹாமிற் செலவிட்டால் இடைமாற்றுக் கட்டணம் விழக்கூடும். செல்லும் நாட்டின் நாணயத்தையே நிரப்புதல் சாலும்.

சில நாடுகளில் நம் யூ.பி.ஐ.யும் இப்போது செல்லுகிறது. 2024 பிப்ரவரி 12 அன்று இலங்கையிலும் மொரீஷியசிலும் அது தொடங்கப்பெற்றது. இவ்வசதியுள்ள கடைகளில் கைபேசியாலேயே பணம் செலுத்தலாம். ஆயினும் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியில் முன்னரே திறந்துவைக்க வேண்டும், செலுத்துமுன் திரையிற் காணும் மாற்று விலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரின் பேநவ் முறையுடன் 2023 பிப்ரவரி 21-இல் இணைப்பு ஏற்பட்டது; இங்கிருந்து அங்குள்ள உறவினருக்குப் பணம் அனுப்பத் தொடக்கத்திலேயே வகைசெய்த வங்கிகளுள் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இருந்தன. நம் மக்கள் பலர் கணக்கு வைத்திருக்கும் வங்கிகள் இவை.

‘இங்கே ரூபாயைக் கொடுங்கள், அங்கே என் ஆள் திர்ஹாம் தருவான்’ என்று கூறுவோரும் இருக்கின்றனர். கட்டணமும் குறைவாகத் தோன்றும், நேரமும் மிச்சமாகும். உண்டியல் என்றும் ஹவாலா என்றும் வழங்கும் இம்முறை சட்டத்திற்குப் புறம்பானது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, சம்பந்தப்பட்ட தொகையைப்போல் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கப்படலாம். அங்கே பணம் வராவிட்டால் எந்த அலுவலகத்திலும் முறையிட வழியில்லை. அங்குள்ள உறவினர் நம் உணவையும் தங்குமிடத்தையும் தாமே ஏற்பது முற்றிலும் வேறு, அதற்குத் தடையில்லை.

திரும்பி வந்தபின் எஞ்சிய அந்நிய நோட்டுகளை 180 நாள்களுக்குள் வங்கியிலோ உரிமக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 2,000 டாலர் வரை மறு பயணத்திற்கென வைத்துக்கொள்ளலாம். நாணயச் சில்லறைக்கு வரம்பில்லை. ஆனால் அவற்றை இங்குள்ள கடைகள் பெரும்பாலும் வாங்குவதில்லை. விமானம் ஏறுமுன் அங்கேயே தேநீருக்கோ தண்ணீருக்கோ கொடுத்துத் தீர்த்துவிடலாம்.