ஆல்கஹால் இல்லாத ஃப்ரூட் பஞ்ச்: பார்ட்டியில் குடிக்காதவர்களுக்கு வெறும் கோலா மட்டும்தானா?

டிசம்பர் 20-ஐத் தாண்டிவிட்டால் ஆபீஸ், அப்பார்ட்மென்ட், நண்பர் வீட்டு மொட்டை மாடி என்று எங்கே பார்த்தாலும் கெட் டுகெதர்தான். அதில் மது குடிப்பவர்களுக்குக் கண்ணாடி டம்ளர், ஐஸ், எலுமிச்சைத் துண்டு, 'உனக்கு எப்படி வேணும் மச்சி?' என்ற விசாரிப்பு எல்லாம் கிடைக்கும். குடிக்காதவர்களுக்கு? மூலையில் ஒரு 2 லிட்டர் கோலா பாட்டில், பக்கத்தில் பேப்பர் கப். வேண்டுமென்றால் ஊற்றிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் அந்தக் கூட்டத்தில் குடிக்காதவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. கர்ப்பமாக இருப்பவர், மாத்திரை சாப்பிடுபவர், மத நம்பிக்கை காரணமாகத் தொடாதவர், கஷ்டப்பட்டு விட்டொழித்தவர், திரும்பிப் போகும்போது வண்டி ஓட்ட வேண்டியவர், 'எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்' என்பவர். கையில் பேப்பர் கப்போடு நிற்கும் இவர்களிடம்தான் 'ஏன் குடிக்கலை?' என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு அதற்குப் பதில் சொல்வது பெரிய சங்கடம். கர்ப்பத்தை இன்னும் வீட்டிலேயே சொல்லாத ஒருவர் ஆபீஸ் பார்ட்டியில் என்ன சொல்வார்?

எல்லார் கையிலும் ஒரே மாதிரி டம்ளர், ஒரே மாதிரி நிறம் இருந்துவிட்டால் அந்தக் கேள்வி பெரும்பாலும் எழாது. நல்ல ஃப்ரூட் பஞ்ச் ஒன்று செய்ய இதுவே போதுமான காரணம். சிக்கல் என்னவென்றால், நம்ம ஊர் பார்ட்டிகளில் 'ஃப்ரூட் பஞ்ச்' என்ற பெயரில் வருவது பெரும்பாலும் மூன்று ஜூஸ் பாக்கெட்டும் ஒரு லெமன் சோடாவும் கலந்த சர்க்கரைத் தண்ணீர். அரை டம்ளரிலேயே திகட்டிவிடும்.

அது ஏன் அப்படி ஆகிறது, எப்படிச் சரிசெய்வது என்று பார்க்கலாம்.

பஞ்ச் நம்ம பக்கத்துச் சரக்குதான்

பஞ்ச் என்ற பெயர் 'ஐந்து' என்ற பொருள் தரும் இந்திய மொழிச் சொல்லிலிருந்து போனது என்பது பரவலான கருத்து. பஞ்சாமிர்தத்தில் இருக்கிற அதே 'பஞ்ச'. பீப்பாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்று மறுப்பவர்களும் உண்டு. ஆனால் 17-ம் நூற்றாண்டில் இந்தியக் கடற்கரைக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு இந்தப் பானம் பிரபலமானது என்பதில் பெரிய சண்டை இல்லை. 1632-லேயே கம்பெனி ஊழியர் ஒருவரின் கடிதத்தில் பஞ்ச் பற்றிய குறிப்பு வந்துவிட்டது.

அந்த ஐந்து பொருள்களாகப் பொதுவாகச் சொல்லப்படுபவை: சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், ஐந்தாவதாக மசாலா அல்லது தேநீர். சாராயத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். ராமநவமிக்குக் கோயிலில் கொடுக்கிற பானகம் மாதிரி இல்லை? வெல்லம், எலுமிச்சை, தண்ணீர், சுக்கு, ஏலக்காய். பானகம் ஏன் திகட்டுவதில்லை என்று யோசித்தால், பஞ்ச் ஏன் திகட்டுகிறது என்பதும் புரிந்துவிடும். அதில் சுக்கு இருக்கிறது.

மதுவை எடுத்தால் எது காணாமல் போகிறது?

இனிப்பு, புளிப்பு இரண்டையும் பழமே தந்துவிடும். மது கொடுப்பது வேறு: தொண்டையில் சுர்ரென்று இறங்கும் ஒரு சூடு. அந்தச் சூடு இருப்பதால்தான் யாரும் அதை மடக்மடக்கென்று குடிப்பதில்லை, ஒவ்வொரு வாயாக உறிஞ்சுகிறார்கள். மதுவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காவிட்டால் மிஞ்சுவது ஜூஸ்தான்.

அந்த இடத்தில் எதை வைப்பது? பதில் அஞ்சறைப்பெட்டியில் இருக்கிறது. நம் நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்று ஓர் உணர்வு ஏற்பி உண்டு. சூட்டை உணர்வதே அதன் வேலை. வழக்கமாக 42, 43 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் அது 'சுடுது' என்று சிக்னல் அனுப்பும். ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் உடம்புச் சூடே 37 டிகிரி என்பதால், எதுவும் சுடாமலே சுடுகிற மாதிரி இருக்கிறது. மிளகாயின் காரமும் இதே ஏற்பியைத்தான் தட்டி எழுப்புகிறது. இஞ்சியும் அப்படியே. மிளகாய்க் காரத்தை வைத்து இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நோபல் பரிசுக்கெல்லாம் காத்திராமல் இதைக் கையாண்டவர்கள் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள். பெரம்பூர், பரங்கிமலை பக்கம் நண்பர்கள் இருந்தால் கிறிஸ்துமஸுக்கு ஜிஞ்சர் வைன் குடித்திருப்பீர்கள். பெயரில்தான் வைன், ஒரு சொட்டு மது கிடையாது. இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, பட்டை, கிராம்பு, கூடவே காய்ந்த மிளகாய். சின்ன கிளாஸில்தான் தருவார்கள், ஏனென்றால் அதை உறிஞ்சித்தான் குடிக்க முடியும்.

இன்னொன்று துவர்ப்பு. அறுசுவையில் நாம் அதிகம் கண்டுகொள்ளாத சுவை இது. சிவப்பு வைனில் நாக்கை லேசாகப் பிடிக்கிற அந்த உணர்வு டானின் என்ற பொருளால் வருவது. டீ டிகாஷனிலும் அதே வகைப் பொருள்தான் இருக்கிறது. பால் இல்லாத டிகாஷனைப் பழச்சாற்றில் சேர்த்தால் அதன் அசட்டு இனிப்பு சட்டென்று அடங்கும். யூடியூபில் வரும் பெரும்பாலான 'மாக்டெயில்' வீடியோக்கள் கோட்டைவிடுகிற இடம் இதுதான் என்பது என் கருத்து. மூணு கலரில் சிரப் ஊற்றிக் காட்டுவார்கள், டீத்தூளைத் தொடவே மாட்டார்கள்.

20 டம்ளருக்கு என்ன வேண்டும்?

டம்ளருக்கு 200 மில்லி என்று வைத்தால் 4 லிட்டர் சொச்சம். நிறத்துக்கும் வாசத்துக்கும் பன்னீர் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் இதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுக்க அறுவடை நடப்பதால் டிசம்பரில் தேடி அலைய வேண்டியதில்லை.

முதல் நாள் இரவே பாதி வேலையை முடித்துவிடலாம். ஒரு கிலோ பன்னீர் திராட்சையை நன்றாகக் கழுவி, அரை லிட்டர் தண்ணீரோடு ஸ்டீல் பாத்திரத்தில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, கரண்டியால் மசித்து வடிகட்டுங்கள். மிக்ஸியில் போட வேண்டாம், விதை அரைபட்டுக் கசக்கும். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், புளிப்பு அதோடு வினைபுரியும். இதில் ஒரு லிட்டர் போல சாறு கிடைக்கும்.

இன்னொரு அடுப்பில் காரப் பாகு. 50 கிராம் இஞ்சியைத் தட்டி, இரண்டு துண்டு பட்டை, நான்கு கிராம்பு, நான்கு ஏலக்காய், கிள்ளாத காய்ந்த மிளகாய் இரண்டு, 150 கிராம் சர்க்கரை, 350 மில்லி தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து 10 நிமிடம் சிறு தீயில் வைத்து வடிகட்டுங்கள். மிளகாயைக் கிள்ளிப் போட்டால் விதை இறங்கிக் காரம் எகிறிவிடும், ஜாக்கிரதை. குழந்தைகளும் குடிப்பார்கள் என்றால் மிளகாயே வேண்டாம், இஞ்சி போதும். சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போடலாம், வாசம் பிரமாதமாக இருக்கும், நிறம் மட்டும் கொஞ்சம் மங்கும்.

டிகாஷனுக்கு 700 மில்லி கொதித்த தண்ணீரில் நான்கு டீஸ்பூன் டீத்தூள். மூன்று நிமிடத்தில் வடிகட்டிவிட வேண்டும், விட்டால் துவர்ப்பு கசப்பாகிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் டிகாஷன் கலங்கலாக மாறும். கெட்டுப்போய்விட்டதோ என்று கொட்டிவிடாதீர்கள், குளிரில் அப்படித்தான் ஆகும். திராட்சைச் சாற்றில் அது தெரியாது. மூன்றையும் தனித்தனியாக ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

ஆரஞ்சு, எலுமிச்சையை மட்டும் பார்ட்டி அன்றைக்கே பிழியுங்கள். ஆரஞ்சுச் சாறு நேரம் ஆக ஆகக் கசக்கும். எட்டு கமலா ஆரஞ்சும் ஆறு எலுமிச்சையும் போதும். திராட்சைச் சாற்றில் எலுமிச்சை விழுந்ததும் ஊதா நிறம் பளிச்சென்று சிவப்புப் பக்கம் திரும்புவதைப் பார்க்கலாம். குழந்தைகளை அருகில் நிற்க வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

எல்லாவற்றையும் கலந்து, இரண்டு சிட்டிகை உப்பு. சுவைத்துப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் கொஞ்சம் 'ஓவர்' என்று தோன்ற வேண்டும், ஏனென்றால் சோடாவும் ஐஸும் இன்னும் சேரவில்லை.

சோடா கடைசியில், ஐஸ் பெரிதாக

750 மில்லி சாதா சோடா இரண்டு பாட்டில். லெமன் சோடா வேண்டாம், அதில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது. பாட்டில் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான திரவத்தில் வாயு தங்காது, ஊற்றியதுமே நுரைத்துக் கிளம்பிவிடும். விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகு ஊற்றுங்கள்.

ஐஸ் க்யூப் போட்டால் 20 நிமிடத்தில் பஞ்ச் தண்ணீராகிவிடும். அதற்குப் பதில், கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை ஒரு லிட்டர் டிஃபன் டப்பாவில் ஊற்றி, மாதுளை முத்துகளும் புதினாவும் போட்டு முதல் நாளே ஃப்ரீசரில் வையுங்கள். அதே எடைக்குப் பெரிய கட்டியின் மேற்பரப்பு குறைவு என்பதால் மெதுவாகத்தான் உருகும். கடையில் ஐஸ் பார் வாங்குபவர்கள், அது உணவுக்கானதுதானா என்று கேட்டு வாங்க வேண்டும். மீனுக்குப் போடுகிற ஐஸ் குடிப்பதற்கு உரியதல்ல.

ரீல்ஸில் வருகிற மாதிரி பஞ்சிலிருந்து புகை கிளம்ப வேண்டும் என்று டிரை ஐஸ் வாங்குபவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். அது மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் திட கார்பன் டைஆக்ஸைடு. ஒரு துண்டு டம்ளருக்குள் போய் யாராவது விழுங்கிவிட்டால் வாயும் உணவுக்குழாயும் புண்ணாகும். 2024 மார்ச்சில் குருகிராம் உணவகம் ஒன்றில் மவுத் ஃப்ரெஷனர் என்று நினைத்து டிரை ஐஸை வாயில் போட்டவர்கள் ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனைக்குப் போனது பலருக்கும் நினைவிருக்கும்.

'ஆல்கஹால் ஃப்ரீ' என்றால் பூஜ்யமா?

எப்போதும் அப்படி இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் அது மதுபானம். அதற்குக் கீழே இருப்பது 'நான்-ஆல்கஹாலிக்' கணக்கில் வரலாம். பெரும்பாலானோருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மத காரணத்துக்காகத் தவிர்ப்பவருக்கு அது முக்கியம். குடியை நிறுத்துவதற்காக டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவருக்கு இன்னும் முக்கியம், சிறிதளவு ஆல்கஹால்கூட வாந்தி, படபடப்பைக் கொண்டுவரலாம். பாட்டிலில் லேபிளைப் படியுங்கள்.

மாக்டெயில் ரெசிப்பிகளில் 'இரண்டு சொட்டு பிட்டர்ஸ்' என்று வரும். பிரபலமான அங்கோஸ்டுரா பிட்டர்ஸில் 44.7 சதவீதம் ஆல்கஹால்! மேஜையில் பக்கத்திலேயே இருக்கும் ப்ளம் கேக்கின் பழங்கள் ரம்மில் ஊறியவையா என்பதையும் கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

அதைவிடப் பெரிய ஆபத்து மனிதர்கள்தான். திறந்த பாத்திரத்தில் பஞ்ச் வைத்தால், 'சும்மா ஜாலிக்கு' என்று யாராவது வோட்காவை ஊற்றிவிட்டுச் சிரிப்பார்கள். அது ஜாலி இல்லை. தெரியாமல் குடித்துவிட்டு பைக் எடுக்கிறவரின் நிலைமையை யோசியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. 'எனக்குத் தெரியாது சார்' என்பதை ஊதச் சொல்கிற இயந்திரம் கேட்காது. மூடியும் குழாயும் உள்ள டிஸ்பென்சரில் வையுங்கள், 'மது இல்லை' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், மது வைத்திருக்கும் மேஜையிலிருந்து தள்ளி வையுங்கள்.

சுகர் இருப்பவர்களுக்கு?

இந்த அளவில் நாம் சேர்க்கும் சர்க்கரை டம்ளருக்கு 7.5 கிராம்தான். ஆனால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்தால் 15 கிராமைத் தாண்டும். அதே அளவு கோலாவைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். 'பழம்தானே' என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. உலக சுகாதார நிறுவனமும் பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையைச் சேர்த்த சர்க்கரையோடுதான் எண்ணுகிறது. அப்பா, அம்மா, மாமா யாருக்காவது சுகர் இருந்தால் அவர்களுக்கென்று தனி ஜக் வையுங்கள்: சர்க்கரை போடாத இஞ்சிச் சாறு, எலுமிச்சை, கொஞ்சம் டிகாஷன், உப்பு, சோடா. மாதுளை முத்து இரண்டு மிதந்தால் பார்க்கவும் அதே மாதிரி இருக்கும்.

மிச்சமானதை மேஜையிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அன்று பிழிந்த பழச்சாறு அதில் இருக்கிறது. சென்னைச் சூட்டில் ஓரிரு நாளில் நொதிக்க ஆரம்பித்து, நீங்கள் ஊற்றாத ஆல்கஹால் தானாகவே உருவாகும். மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு சேர்ந்து மூடி தெறிக்கவும் செய்யும். எஞ்சியதைக் குச்சி ஐஸ் அச்சில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஜனவரி 1 மதியத்துக்கு ஆச்சு.