உடற்பயிற்சியும் ஒரு பல்கலைக்கழகப் பாடம்

சென்ற மாதம் தில்லியில் நம் இல்லத்துக்கு வந்த நண்பர் ஒருவர் மனச்சோர்வுடன் காணப்பட்டார். பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறிய அவருடைய புதல்வி, குவாலியருக்குச் சென்று உடற்கல்வி பயில விரும்புகிறாளாம். "டிரில் டீச்சர் ஆவதற்கா இவ்வளவு படிக்க வைத்தேன்?" என்றார். நம்மவர் பலர் இவ்வாறு கேட்கக்கூடும் ஆதலின், அப்படிப்பின் உள்ளடக்கத்தைச் சிறிது விளக்க முற்படுகிறோம்.

பெயரிலேயே முதற் சிக்கல் எழுகிறது. அதன் இரு முக்கியப் பாடங்கள் உடற்பயிற்சி பிசியாலஜியும் கினிசியாலஜியும் ஆகும். முன்னதை உடலியங்கியல் என்றும், பின்னதை உடலியக்கவியல் என்றும் தமிழாக்குவர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கே இவற்றைக் காதால் கேட்டுப் பிரித்தறிவது கடினம். ஆகவே ஆங்கிலப் பெயர்களையே கையாள்வோம்.

உழைக்கும் உடலினுள்ளே நிகழ்வதை ஆராய்வது பிசியாலஜி. ஓய்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லி லிட்டர் பிராணவாயுவைச் செலவிடுகிறார். நன்கு பயின்ற நெடுந்தூர ஓட்டக்காரரோ, முழு வேகத்தில் 5 லிட்டர் வரை செலவிட வல்லவர். இந்த 20 மடங்கு எவ்வாறு கிட்டுகிறது? இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது? தசை அதிலிருந்து எவ்வளவு வாயுவை ஈர்க்கிறது? மாணவர் இவற்றை ஏட்டில் மட்டுமன்றிச் சோதனைச் சாலையிலும் அளந்து கற்கின்றனர். 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஏ. வி. ஹில் என்னும் ஆங்கில அறிஞர், புல்தரைத் தடத்தில் தாமே ஓடி, தம் மூச்சுக் காற்றைப் பையில் சேகரித்து ஆராய்ந்தவர்.

கினிசியாலஜி எலும்பையும் தசையையும் நெம்புகோல்களாகக் காண்கிறது. முழங்கையை மடக்கி 5 கிலோ வாளியொன்றைத் தாங்குகிறோம் எனக் கொள்வோம். வாளி முழங்கை மூட்டிலிருந்து சுமார் 35 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது; தூக்கும் தசையோ மூட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவிலேயே பற்றியிருக்கிறது. எனவே, முன்கையின் சொந்த எடை நீங்கலாகவே, தசை 35 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும்! பந்து வீசுபவரின் தோள் ஏன் நோகிறது, கிழவர் படியேறுகையில் முழங்கால் ஏன் வலிக்கிறது என்பனவெல்லாம் இக்கணக்கின் விரிவே.

குவாலியர் நிறுவனம், 1857 எழுச்சியின் நூற்றாண்டையொட்டி, ராணி லட்சுமிபாயின் பெயரால் 1957இல் கல்லூரியாகத் தொடங்கப்பெற்றது. 1995இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. குவாஹாத்தியிலும் அதற்குக் கிளை உண்டு. சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இதற்கு 37 ஆண்டு மூத்தது என்பதை நண்பருக்கு நினைவூட்டினோம். சற்றே முகம் மலர்ந்தார்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. இப்பட்டம் பெற்றவர் மருத்துவர் அல்லர். பிசியோதெரபி செய்யவும் அதற்குரிய தனிப் பட்டம் வேண்டும். பள்ளி ஆசிரியப் பணி, பயிற்சியாளர் பணி, மேற்படிப்புக்குப் பின் ஆராய்ச்சி என்பனவே நேர்வழிகள். எந்தக் கல்லூரியாயினும், சேருமுன் அதன் சோதனைச் சாலையை நேரில் காண்பது நலம். கருவிகள் பூட்டிய அறையில் தூசி படிந்து கிடக்குமாயின், அங்கே ஏட்டுப் படிப்பே மிஞ்சும்.

சேர்க்கையில் எழுத்துத் தேர்வோடு உடல்திறன் தேர்வும் உண்டென்று அறிந்த நண்பர், இப்பொழுது விடியற்காலையில் கைக்கடிகாரத்துடன் பூங்காவில் நிற்கிறார். மகள் ஓடுகிறாள், அவர் நிமிடங்களைக் குறித்துக்கொள்கிறார்.