‘வ்ஸ்தாத்’: ஒரு செக் வினைச்சொல்லும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும்

செக் மொழியில் ‘வ்ஸ்தாத்’ என்றொரு வினைச்சொல் உண்டு. ‘கொடு’ எனப் பொருள்படும் ‘தாத்’ என்னும் அடிச்சொல்லோடு, மேல்நோக்கிய இயக்கத்தைக் காட்டும் முன்னொட்டுச் சேர்ந்து இஃது அமைந்தது. ‘சரண்டர்’, ‘கிவ் அப்’ என்பனவே இதற்கு ஆங்கிலத்தில் வழக்கமாகத் தரப்படும் சொற்கள். எனினும், அவற்றுள் ஒன்றையே எல்லா இடத்தும் வைப்போமாயின், மூலத்தில் இல்லாத தோல்வியை மொழிபெயர்ப்பில் புகுத்திவிடுவோம்.

இவ்வினையின் பொருளைத் தீர்மானிப்பவை அதனோடு வரும் சொற்களே. ‘நன்றி’ என்னும் பெயர் செயப்படுபொருளாக வரின், கடவுளுக்கு நன்றி செலுத்துதல் என்று பொருள். ‘போட்டி’ என்பது வரின், அதை முடிக்காமலே கைவிடுதல் என்று பொருள். தன்னையே சுட்டும் ‘ஸெ’ என்னும் சொல் சேர்ந்து, பகைவன் நான்காம் வேற்றுமையில் நிற்பின், அது சரணடைதல். இங்கு ‘சரண்டர்’ முற்றிலும் பொருந்தும்.

அதே ‘ஸெ’ இருக்க, விடப்படும் பொருள் ஆறாம் வேற்றுமையில் நிற்குமாயின் நிலை வேறு. உரிமை, பதவி, நம்பிக்கை ஆகியவற்றைத் துறத்தலையே அது குறிக்கும். 1848 டிசம்பர் 2ஆம் நாள் மொராவியாவிலுள்ள ஒலொமொவ்ட்ஸ் நகரில், பேரரசர் முதலாம் பெர்டினாந்து தம் சகோதரன் மகனாகிய பிரான்ஸ் யோசேப்புக்காக முடிதுறந்தார். செக் மொழியில் இதனைக் கூற இவ்வினையே பயன்படும். ஆங்கிலத்தில் ‘அப்டிகேட்’ என்க. ‘அவர் சரணடைந்தார்’ என மொழிபெயர்ப்பின், வாசகன் பேரரசரை எதிரியின் முன் நிறுத்திவிடுவான்.

இவ்வினையோடு உறவுடைய ‘ஒதெவ்ஸ்தத் ஸெ’ என்பதையும் பிரித்தறிய வேண்டும். தன்னை ஒருவர் கையில் ஒப்புக்கொடுத்தலை அது குறிக்கும். தன் சித்தத்தைத் துறத்தலும், இறைவனின் சித்தத்துக்குத் தன்னை ஒப்புவித்தலும் செக் மொழியில் இருவேறு வினைகளால் சொல்லப்படுகின்றன. ஆங்கிலத்தில் இரண்டையும் ‘சரண்டர்’ என்றே எழுதினால், எதை விடுகிறோம், யாரிடம் சேர்கிறோம் என்னும் வேறுபாடு மறைந்துபோகும். முன்னதற்கு ‘ரினவுன்ஸ்’ என்பதும், பின்னதற்கு ‘கமிட்’ என்பதும் தகும்.

இவ்வேறுபாடு இலக்கணத்தோடு நின்றுவிடுவதன்று. லூக்கா 14:33இல் சீடன் தனக்குள்ளவற்றை விடுதலைக் குறிக்கும் கிரேக்க வினையே, 9:61இல் வீட்டாரிடம் விடைபெறுதலைக் குறிக்கிறது. விடைபெறுகிறவன் தோற்றவனல்லன், தானே புறப்படுகிறவன். துறவைத் தோல்வியாக மொழிபெயர்த்த நூலிலிருந்து அருளுரை ஆயத்தம் செய்பவர், அழைப்பைக் கேட்டுப் புறப்படுகிறவனை வலிமையால் வீழ்த்தப்பட்டவனாகவே சபைக்குக் காட்ட நேரும்.

ஆகவே, இவ்வினையைக் காணுமிடத்து நாம் அகராதியைத் திறக்குமுன் மூன்றைக் கேட்டறிவோம்: ‘ஸெ’ உண்டா? விடப்படுவது யாது? பெற்றுக்கொள்பவர் யார்? இவற்றுக்கு விடை கண்டபின், ஆங்கிலச் சொல்லைத் தேர்தல் அரிதன்று.