தந்தை கழற்றும் மோதிரம்

பணக்காரக் குடும்பங்களின் பகட்டு மணங்களைக் கேலிசெய்து ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1743 அளவில் வரைந்த ஆறு ஓவியங்கள் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளன. முதலாவதில் மணப்பேச்சு. கடன்பட்ட பிரபு தம் வம்சவிருட்சத்தைக் காட்டுகிறார். முன்னே சீதனப் பொற்காசுகள். வணிகர் ஒப்பந்தத்தைக் கூர்ந்து வாசிக்கிறார். அவருக்கு வேண்டியது பட்டம். மாப்பிள்ளை கண்ணாடியில் தன்னையே பார்க்கிறான். பெண்ணோ மோதிரத்தைக் கைக்குட்டையில் கோத்தபடி இருக்கிறாள். அவள் மனதை ஒருவரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. வழக்கறிஞன் ஒருவன் மட்டும் அவளிடம் ஏதோ குழைகிறான்.

என்னை உலுக்கியது ஆறாவது ஓவியம். அந்த வழக்கறிஞனே காதலனாகி, கணவனைக் கொன்று தூக்கிலேறிவிட்டான். அவள் நஞ்சருந்திச் சாகிறாள். தந்தை அவள் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றுகிறார்! தற்கொலை செய்தோரின் உடைமை அக்காலத்தில் அரசுக்குப் போய்விடும். அருகே எலும்பும் தோலுமான நாயொன்று மேசையிலுள்ள பன்றித்தலையைக் கவ்வுகிறது.