பீரோவில் கிடக்கும் கல்யாண கேசட்... பூஞ்சை பிடிக்கும் முன் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி?

தேனி, போடி, சின்னமனூர், கம்பம் பக்கம் பல வீடுகளில், பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு வீடியோ கேசட் இன்னும் கிடக்கும். கல்யாணமோ, காதுகுத்தோ, வீரபாண்டி சித்திரைத் திருவிழாவோ அதில் இருக்கலாம். இன்று நம்மோடு இல்லாத தாத்தாவின் குரல் அந்த ஒரு கேசட்டில் மட்டுமே மிச்சமிருக்கலாம்.

பத்திரமாக வைத்திருந்தாலும் காந்த நாடா காலப்போக்கில் கெட்டுவிடும். கம்பம் பள்ளத்தாக்கின் சாரலும் ஐப்பசி மழையும் தரும் ஈரம் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நாடாவில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். நாடா அறுந்துபோகலாம், பிளேயரின் ஹெட்டில் பூஞ்சை ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இன்னொரு சிக்கல், கேசட்டை ஓட்டும் கருவிகளும் மறைந்துவருகின்றன. வி.சி.ஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

எப்படி மாற்றுவது?

பெரிய வி.ஹெச்.எஸ் கேசட் என்றால், வி.சி.ஆரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை யூ.எஸ்.பி கேப்சர் கருவி வழியாகக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பதிவு செய்யலாம்.

ஹேண்டிகேமில் போடும், தீப்பெட்டி போன்ற மினி டி.வி கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் பதிவு. ஃபயர்வயர் கேபிளில் எடுத்தால் தரம் குறையாமல் அப்படியே வரும். பல கேமராக்களில் யூ.எஸ்.பி இணைப்பு போட்டோவுக்கு மட்டுமே. புது லேப்டாப்களில் ஃபயர்வயர் கிடையாது. ஆப்பிளும் 2025-ல் வந்த மேக் ஓ.எஸ் டாஹோவில் அதைக் கைவிட்டுவிட்டது. ஃபயர்வயர் உள்ள பழைய கம்ப்யூட்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரு மணி நேரக் கேசட் மாற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி இல்லை. மினி டி.வி என்றால் மணிக்குச் சுமார் 13 ஜி.பி இடம் வேண்டும்.

கடையில் கொடுத்தால் முதலில் ஒரு கேசட்டை மட்டும் கொடுத்துப் பாருங்கள். மாற்றியதை ஹார்டு டிஸ்க், பென் டிரைவ் என இரண்டு இடங்களில் வையுங்கள். ஒரிஜினல் கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அந்த வீடியோவை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். யார் யார் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள். முகங்களைக் கம்ப்யூட்டர் காப்பாற்றிவிடும். பெயர்கள் அப்பத்தாவுக்கு மட்டும்தான் தெரியும்.