இறால் நோய் ஆய்வும் பேராதனையின் பொறுப்பும்

கடலே இல்லாத கண்டி மாவட்டத்தில் இருந்துகொண்டு இறாலின் நோய்களை ஆராய்வதை ஒருவர் வாழ்நாள் பணியாகக் கொள்ளலாம் என்றால் பலர் வியப்படையக்கூடும். ஆனால், நாட்டின் மிருக வைத்தியர்களை உருவாக்கும் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்திலேயே அமைந்துள்ளது. நீர்வாழ் உயிரினங்களின் நோய்களைக் கண்டறிந்து ஆராயும் நிலையமும் அங்கு உண்டு. அருகே கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகின்றது. எனவே, புத்தளம், சிலாபம் பகுதிகளின் இறால் குளங்களைக் காக்கும் அறிவில் பெரும்பங்கு மலையகத் தலைநகரின் அயலிலேயே விளைய வேண்டியுள்ளது.

இவ்வறிவின் தேவையை நம் நாடு பெருவிலை கொடுத்தே உணர்ந்தது. கிழக்கே மட்டக்களப்பில் ஆரம்பமான இறால் வளர்ப்பு யுத்தத்தினால் தடைப்பட, வடமேற்குக் கரையே இத்தொழிலின் மையமாயிற்று. அங்கு 1988–89 காலப்பகுதியில் ஒரு வைரஸ் நோய் பரவியது. 1996இல் வெண்புள்ளி நோய் பண்ணைகளைச் சூறையாடியது. இந்நோய் தொற்றிய குளத்தின் இறால்கள் பத்து நாட்களுக்குள் முற்றாகவே மடிந்துவிடக்கூடும். ஒரே களப்பிலிருந்தும் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தும் பல பண்ணைகள் நீரைப் பெற்று, கழிவு நீரை அவற்றிலேயே விட்டதால், ஒருவரின் நட்டம் ஊராரின் நட்டமாகியது. பல குளங்கள் கைவிடப்பட்டன. இந்த வைரஸ் மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. எனினும் மனிதரின் வாழ்வாதாரத்தை அது அழித்துவிடுகின்றது.

நோய் வந்தபின் மருந்திட்டால் போதாதா என்ற வினா எழலாம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வைரஸை அழிப்பதில்லை. மனிதருக்கும் மாட்டுக்கும் இருப்பதுபோல, ஒருமுறை கண்ட நோயை நினைவிற்கொண்டு எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் இறாலின் உடலில் உருவாவதில்லை. ஆகவே வழக்கமான தடுப்பூசி முறையும் கைகொடுப்பதில்லை. தாய் இறாலையும் குஞ்சுகளையும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு உட்படுத்துதல், நீரைத் தொற்று நீக்கிப் பயன்படுத்துதல், நோய் காவும் நண்டுகளைத் தடுத்தல், வலயங்கள்தோறும் காலம் வகுத்துக் குஞ்சுகளை இடுதல் ஆகியவையே அரண்கள். இவை ஒவ்வொன்றுக்கும் அடிப்படையாக இருப்பது ஆய்வுகூடத்தின் சொல்லாகும்.

அச்சொல்லை நம்பகமாக உரைக்க ஒருவர் நெடுங்காலம் உழைக்க வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்கும் கடற்கரை கிடையாது. ஆயினும் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டொனால்ட் லைட்னர் பல தசாப்தங்களாக இறால் நோய்களை ஆராய்ந்தார். 2009இல் சீனாவில் தோன்றி ஆசியப் பண்ணைகளை உலுக்கிய இளம் இறால் மரண நோய்க்கு ஒரு தனித்துவமான பற்றீரியாவே காரணம் என்பதை 2013இல் அவரது குழுவே வெளிப்படுத்தியது. ஆய்வாளன் கடலிலிருந்து தூரத்தில் இருக்கலாம். பண்ணையாளரிடமிருந்து தூரத்தில் இருத்தலாகாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடமாகும்.

இங்குதான் நமது கவலையும் உள்ளது. குஞ்சுக்கும் தீவனத்துக்கும் கடன்பட்ட பண்ணையாளருக்கு, நோய் உண்டெனக் கூறும் அறிக்கை பேரிடியாகும். அதனை மறைத்து நீரைத் திறந்துவிடும் எண்ணம் அவருக்கு எழலாம். அறிவித்தவர் தண்டிக்கப்படாமல், ஆலோசனையும் நிவாரணமும் பெறுவார் என்ற நம்பிக்கை இருந்தாலன்றி மாதிரிகள் உரிய வேளையில் ஆய்வுகூடத்தை வந்தடையா. புத்தளம் மாவட்டத்தில் சிங்களவருடன் தமிழரும் முஸ்லிம்களும் கணிசமாக வாழ்கின்றனர். எனவே அவ்வறிக்கையும் ஆலோசனையும் தமிழிலும் கிடைத்தாக வேண்டும். 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் பல்கலைக்கழகமும் இதில் கைகோத்துச் செயற்படுதல் அவசியமாகும்.

அண்மைய ஆண்டுகளில் வனாமி இனமும் நம் நாட்டில் வளர்க்கப்படுகின்றது. புதிய இனத்தோடு புதிய நோய்களும் வரக்கூடும். உயர்தரத்தில் உயிரியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கு வைத்தியத் துறையொன்றே இலக்கெனக் கூறி வருகின்றோம். கரையோரக் குடும்பங்களின் அடுப்பெரியக் காரணமாகும் இத்துறையையும் அவர்களுக்கு எடுத்துரைப்பது பெற்றோரினதும் ஆசிரியர்களினதும் கடமையாகும். அடுத்த நோய் நமக்கு அறிவித்துவிட்டு வரப்போவதில்லை. அதனை அடையாளங்காணும் கண்களை இன்றே உருவாக்குவோம்.