பின்சில்லும் வலைநூலும்

படுவான்கரையில் விளைந்த நெல்லை மூட்டையாகக் கட்டிப் பின்னே ஏற்றிக்கொண்டு, மண்முனைப் பாலத்தைக் கடந்தோ, அம்பிளாந்துறையில் இயந்திரப் பாதையிலேறிக் குருக்கள்மடத்தில் இறங்கியோ எழுவான்கரைக்கு வந்துசேரும் மோட்டார் சைக்கிள்கள் வாவியோரத்து ஈரமணலில் பதித்துச் செல்லும் தடங்களைக் குனிந்து நோக்குவோமாயின், நேரே ஓடிய வண்டிகளுள்ளும் சிலவற்றின் பின்சில்லுத் தடம் முன்சில்லுத் தடத்தின்மேல் படியாமல் ஓரமாக விலகிக் கிடப்பதைக் காணலாம். அவ்வண்டிகள் நண்டைப்போல உடலை ஒருபுறம் திருப்பி வைத்துக்கொண்டே பிரயாணம் செய்கின்றன. ஓட்டுபவர் தெருவைக் குறைகூறுவார், கடற்காற்றைக் குறைகூறுவார்; பின்னச்சின் இரு முனைகளையும் அளந்துபார்ப்பவர் சிலரே.

பின்சில்லு ஏன் இடம் மாறுகின்றது? செயின் நீள்வதனாலேயே. இரும்புத் தகடுகள் இழுபட்டு நீள்வதாகப் பலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. கண்ணிகளை இணைக்கும் ஊசிகளும் அவற்றைச் சூழ்ந்த குழல்களும் தேய்கின்றன. சிறிய வண்டிகளில் வழங்கும் செயினிலே ஒரு கண்ணியின் நீளம் 12.7 மில்லிமீற்றர், அதாவது அரை அங்குலம். இத்தகைய கண்ணிகள் நூறு இருக்க, ஒவ்வொரு மூட்டும் மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு தேய்ந்தாலும் செயின் முழுவதும் 10 மில்லிமீற்றர் நீண்டுவிடும். வாவியின் உப்புக்காற்றும் கரைமணலும் கூடியவிடத்தில் இத்தேய்வு விரைவாகவே நிகழும். தொய்ந்த செயினை இறுக்குவதற்காக அச்சைப் பின்னோக்கி இழுக்கின்றனர். இதற்கென இருபுறமும் உள்ள நட்டுகளைச் சமமாகத் திருப்பவேண்டும் என்பது விதி; ஆனால் துருப்பிடித்த ஒரு நட்டு அசைய மறுக்க, எளிதில் சுழலும் மற்றதை மாத்திரம் திருப்பிவிட்டு வேலை முடிந்ததென்று ஸ்பனரை வைத்துவிடும் அவசரக் கைகளும் உண்டு.

இதனால் விளையும் பிழை எவ்வளவு? இரு நட்டுகளுக்கும் இடையே 200 மில்லிமீற்றர் தூரம் இருக்க, ஒரு முனை மற்றதைவிட 2 மில்லிமீற்றர் பின்தங்கினால், சில்லு அரைப் பாகைக்குச் சற்று மேலாகத் திரும்பும். அற்பம் என்று தோன்றும் இத்திருப்பம், ஒன்றேகால் மீற்றர் முன்னேயுள்ள முன்சில்லை எட்டும்போது 12 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட விலகலாக வளர்ந்துவிடுகின்றது. செயினுக்கோ இது பெருந்துன்பம். 1880ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய உருளைச் செயினின் வழிவந்ததாகிய இது, ஒரே தளத்தில் வளைவதற்கென்றே அமைந்தது. பக்கவாட்டில் வளைக்க முற்பட்டால் அதன் தகடுகள் பற்சக்கரத்தின் பற்களை ஒருபுறமாக அராவத் தொடங்கும். பற்களின் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருப்பதே இந்நோயின் பிரத்தியட்ச அடையாளம்.

அச்சின் இருபுறமும் தொழிற்சாலையார் பொறித்த கோடுகள் உள்ளனவே என்று கேட்கலாம். அவை உதவுவன, எனினும், விழுந்தெழுந்த வண்டியிலும் தேய்ந்த பழைய வண்டியிலும் அவற்றை வேதவாக்காகக் கொள்ளுதல் ஆகாது என்பதே என் அபிப்பிராயம். இதற்கு மீனவர் வீட்டில் கிடைக்கும் முறுக்கிய வலைநூலே போதும். தங்கூசி கண்ணுக்குப் புலப்படாது, ஆதலால் வேண்டாம். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, கைபிடியை நேராக வைத்து, நூலின் நடுப்பாகத்தைப் பின்டயரின் பின்புறத்தில் சுற்றி, இரு முனைகளையும் தடையின்றிச் செல்லக்கூடிய உயரத்தில் இருபுறமாக முன்சில்லுக்கு அப்பால் இழுத்து, பின்டயரின் முன்னோரத்தை மெல்லத் தொடுமளவுக்கு நெருக்கிக் கட்டவேண்டும். பின்டயர் 3 அங்குலமும் முன்டயர் 2.75 அங்குலமும் அகலமாயின், முன்டயரின் இருபுறமும் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் இடைவெளி சமமாகத் தோன்றும். ஒருபுறம் அகன்றும் மறுபுறம் ஒட்டியும் இருந்தால் அச்சுக் கோணியிருக்கின்றது. பின்னே 2 மில்லிமீற்றராக ஒளிந்திருக்கும் பிழையை முன்னே பலமடங்காக்கிக் காட்டுவதனால், சாதாரண நூலே இங்கு ஒரு சூட்சும யந்திரமாகிவிடுகின்றது.

செயினை முழுதும் உறையால் மூடிய பழைய எம்.டி. 90 வண்டிகளில் பற்களைப் பார்க்க வழியில்லை. அங்கு நூலின் பயன் இன்னும் அதிகம். எஞ்சினும் பின்சில்லும் ஒன்றாய் அமைந்த ஸ்கூட்டிகளை ஓட்டுவோருக்கு இக்கவலையே இல்லை.

நூல் சரியென்று காட்டியபின்பும் அச்சின் பெரிய நட்டை இறுக்கும்போது சில்லு சிறிது நகர்ந்துவிடலாம். ஆகையால் செயினுக்கும் பின்பற்சக்கரத்துக்கும் இடையே பழந்துணியொன்றைச் செருகிச் சில்லைப் பின்னோக்கிச் சற்றே சுழற்றினால், அச்சு முன்னோக்கி இழுபட்டுத் தன்னிடத்தில் அழுந்தி நிற்கும். அந்நிலையிலேயே இறுக்கி, நூலை மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டும். சில்லுப் பின்னே நகர்ந்ததனால் பின்பிரேக்கின் கம்பியும் இழுபட்டிருக்கும்; அதையும் தளர்த்திச் சரிசெய்யாவிட்டால், மிதிக்காமலே பிரேக் உரசிக்கொண்டிருக்கும்.